நேற்று யாரோடு சாப்பிட்டீர்கள்?

சத்திரசிகிச்சைக்கு வருகிறவரிடம் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பது எல்லாத் தாதியரும் செய்கிற வேலை. நான் இன்னொன்றும் கேட்பேன். நேற்று யாரோடு சாப்பிட்டீர்கள்? நோயாளி முழிப்பார். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் தியேட்டருக்குப் புதிதாக வந்த பிள்ளைகள், ஊர்க்கதை கேட்காவிட்டால் இந்த மிஸ்ஸுக்குக் கை ஓடாது என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். யாரோடு சாப்பிட்டார் என்று தெரிந்ததும் அந்த ஆளை வாசலுக்குக் கூப்பிட்டு, இவருக்கு நேற்றுக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்பேன். நோயாளியிடமும் கேட்பேன்தான். ஆனால் நம்புவதில்லை.

என் புருசனிடமும் கேட்டேன். நம்பினேன்.

நான் புத்தளத்தில் பிறந்தவள். அவருடைய குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, கற்பிட்டி வீதியோரம் கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, பிறகு கல்வீடு கட்டிக்கொண்ட குடும்பம். யுத்தம் முடிந்ததும் ஒருதரம் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார். "காணி இரிக்கிது, காட்டுக்குள்ள இரிக்கிது" என்றார். அதோடு சரி. உப்பளத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க வெயிலில் நிற்பார், தண்ணீர் குடிக்கமாட்டார். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பாத்தி வரம்பில் நடப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலை என்பார். குடிக்காத தண்ணீருக்கெல்லாம் சேர்த்து இடது சிறுநீரகத்தில் ஒரு கல் விளைந்தது.

நோ வந்தால் நிலத்தில் உருளுவார். நோ போனதும் எழுந்து தேத்தண்ணீர் கேட்பார். "உப்பளத்துக்காரன்ட உடம்புல உப்பு விளையாம வேற என்ன விளையும்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கானில் கல் சிறுநீரகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கியிருந்தது. அப்படியே விட்டால் அந்தப்பக்கம் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் அப்போது சிலாபத்துக்குப் போகிற வழியில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டர் தாதி. கொழும்பிலிருந்து ஒரு சிறுநீரக சத்திரசிகிச்சை டொக்டர் குறிப்பிட்ட கிழமைகளில் அங்கே வருவார். சிங்களவர். கதை குறைவு. வெட்டுக்குத்து இல்லாத வேலை அவருடையது. சிறுநீர் போகிற வழியாலேயே மெல்லிய கமராக் குழாயை மேலே சிறுநீரகம் வரைக்கும் கொண்டுபோய், லேசரால் கல்லைத் தூளாக்குவார். தூள் கிளம்பினால் கமராவுக்குக் கண் தெரியாது. அதனால் சேலைன் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

வெளியே இருந்து பார்த்தால் அது ஒரு வேலையாகவே தெரியாது. சேலைன் பையை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது, கண் தெரியாதபோது சிறிஞ்சால் எவ்வளவு தள்ளுவது, போன தண்ணீர் மற்றக் குழாய் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. இவ்வளவுதான். ஆனால் சிறுநீரகத்தின் உள்ளறை ஒரு கைப்பிடிக்கும் குறைவு. போகிற தண்ணீர் கூடி, வருகிற தண்ணீர் குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால் அந்தத் தண்ணீர் பின்பக்கமாக இரத்தத்துக்குள் போகும். வெறும் தண்ணீர் போனால் உடம்பு ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். கிருமி இருக்கிற தண்ணீர் போனால் கதை வேறு.

அதனால் டொக்டருக்குத் தியேட்டரில் ஒரே மந்திரம், "அடு கரன்ன." குறையுங்கள் என்று அர்த்தம். பையைக் கொஞ்சம் உயர்த்தினால் அடு கரன்ன. சிறிஞ்சில் என் பெருவிரல் அசைந்தால் அடு கரன்ன. மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பொறுத்துப் பார்ப்பேன் என்கிற ஆள். சில டொக்டர்மார் தண்ணீரை அள்ளி விட்டுப் பளிச்சென்று பார்த்து விரைவாக முடித்துவிட்டுப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் அப்படியல்ல. அவரில் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். பழி போட ஓர் ஆளாவது கிடைத்திருக்கலாம்.

என் வேலையை நான் விளக்கியபோது புருசன் காது கொடுத்துக் கேட்டார். "வாவித் தண்ணிய பாத்திக்கு விடுறதும், மிஞ்சினத வெளிய எடுக்கிறதும். எடுக்காம விட்டா வரம்பு உடையும். எங்கட வேலையத்தான் நீ ஏசி ரூமுல செய்யிறாய்" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னை உப்பளத்துக்காரி என்று அறிமுகம் செய்தார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் குறித்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. கிருமி இல்லை. அடைபட்ட பக்கத்துச் சிறுநீர் கீழேயே வராதபோது, போத்தலில் பிடித்தது மற்றச் சிறுநீரகத்தின் நல்ல சிறுநீர்தான் என்பது டொக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காய்ச்சல், குளிர், நடுக்கம் எது வந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். வந்தால் கல்லைத் தொடக்கூடாது. முதலில் ஒரு குழாயை வைத்துத் தேங்கியதை வடியவிட்டு, மருந்து கொடுத்து, கிழமைகள் கழித்துத்தான் கல்லுக்குக் கை வைப்பார். நான் அதைப் புருசனிடம் டொக்டரின் சிங்களத்திலும் எங்கள் தமிழிலும் சொன்னேன்.

அன்றைக்குத் தியேட்டரில் நிற்க வேண்டிய மற்றத் தாதி வேதக்காரப் பிள்ளை. தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் குடும்பத்தோடு போய்விட்டாள். சொந்தப் புருசனின் சத்திரசிகிச்சையில் நிற்கலாமா என்று டொக்டர் என்னைக் கேட்டார். பச்சைத் துணியால் மூடிய பிறகு எல்லாம் சிறுநீரகம்தானே என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளே நிற்க ஆசை. அந்தத் தண்ணீரை வேறு ஒருத்தியின் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

முந்தின நாள் பின்னேரம் வீட்டில் மௌலூது, நபிபுகழ் ஓதி ஊருக்குச் சோறு போடுவது. மாமியின் ஏற்பாடு. அவருடைய உம்மாவைத்தான் சொல்கிறேன். எனக்கு இதில் விருப்பமில்லை. ஒரு கல்லுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்டேன். "ஒப்பரேசன் எண்டா சும்மாவா புள்ள. ஊர் துஆ வேணும்" என்றார் மாமி. ஊரைக் கூப்பிட்டாயிற்று, மாடு அறுத்தாயிற்று. நான் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

சோளகக் காற்று அன்றைக்கு முழுக்க நின்றுபோயிருந்தது. வாவிப் பக்கமிருந்து சேற்று மணம் அசையாமல் வந்து முற்றத்தில் இருந்தது. அந்தப் புழுக்கத்தில் இவர் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தைச் சுற்றிச் சால்வையும் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன, மாப்பிள்ளைக் கோலமா?" என்று கேட்டேன்.

"ஓம். நாளைக்குப் பொண்டாட்டி நேர்ஸ் உடுப்புல வருவா. அதுக்கு முந்திக் கொஞ்சம் மரியாதையா நிண்டு பாக்கிறன்."

"மேலுக்கு என்னவும் செய்யிதா? குளிருதா?"

"எனக்கென்ன. நீ உள்ளுக்கு இரிக்கிறாய்தானே."

அவர் எதைக் கேட்டாலும் பகிடியால் பதில் சொல்கிற மனிதர். பகிடியைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் அப்போது இருக்கவில்லை. சமையற்கட்டிலிருந்து மாமி கூப்பிட்டார். போய்விட்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஓதினார்கள். லெப்பை அவருடைய பேரைச் சொல்லி துஆ கேட்டார். முற்றம் நிறைய ஆட்கள் ஆமீன் சொன்னார்கள். ஆமீன் சத்தம் திரைக்கு இந்தப்பக்கம் பெண்கள் எங்களுக்கும் கேட்டது, நாங்களும் சொன்னோம். பிறகு சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் குவித்து, ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அவருடைய சஹனில் அவரும், உப்பளத்தில் கூட வேலை செய்கிற ஐந்து பேரும். திரை விலகியபோது அவருடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. தன் பக்கத்து இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து மற்றவர்களின் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் சட்டிச் சோற்றைக் கிளறப் போனேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உடம்புச் சூடு பார்த்தேன். சரியாக இருந்தது. நேற்றுக் காய்ச்சல் ஏதும் இருந்ததா என்று, பொண்டாட்டியாக இல்லாமல் தாதியாக நின்று கேட்டேன். இல்லை என்றார். எழுதினேன்.

மயக்க மருந்து கொடுத்தார்கள். துணி போட்டார்கள். நான் நினைத்தது சரி, மூடிய பிறகு அது ஒரு சிறுநீரகம்தான். டொக்டர் கமராவை மெல்ல மேலே கொண்டுபோனார். பை தாழத்தான் தொங்கியது. திரையில் சிவந்த சுவர், பிறகு கல்லின் மஞ்சள் விளிம்பு. கல் கொஞ்சம் விலகியது. அடுத்த கணம் திரை வெளுத்துப்போனது.

"டிக்கக்" என்றார் டொக்டர். கொஞ்சம் என்று அர்த்தம். நான் சிறிஞ்சை ஒருதரம் மெல்ல அழுத்தினேன். உள்ளே போயிற்று. திரை தெளியவில்லை. லேசர்த் தூளாக இருக்க முடியாது, லேசரை அவர் இன்னும் தொடவேயில்லை. திரும்பி வருகிற குழாயைப் பார்த்தேன். சோறு வடித்த கஞ்சி போலச் சீழ் வந்துகொண்டிருந்தது.

நான் வாய் திறக்கமுதல் அவர் பார்த்துவிட்டார். அடு கரன்ன என்று கூடச் சொல்லவில்லை. "நவத்தன்ன" என்றார். நிறுத்துங்கள். நான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. வெளியே வந்ததில் கொஞ்சம் பரிசோதனைக்குப் பிடித்து, வடிகிறதற்கு ஒரு மெல்லிய குழாயை வைத்துவிட்டு வேலையை முடித்தார். மயக்க மருந்து டொக்டர் அன்டிபயோட்டிக்கை மாற்றி ஏற்றினார். யாரும் கதைக்கவில்லை. தியேட்டரில் எல்லாரும் சேர்ந்து வாய் மூடினால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் எத்தனையோ தரம் அந்த எல்லாரில் ஒருத்தியாக நின்றிருக்கிறேன்.

டொக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னைத் தனியாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா? இல்லை என்றேன். நல்லாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. ஒரே வீட்டில் இருக்கிறவள் நான், இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அறைக்குக் கொண்டுவந்து கண் விழித்த கொஞ்ச நேரத்தில் நடுக்கம் தொடங்கியது. கட்டில் சத்தம் போடுகிற நடுக்கம். பல்லோடு பல் அடித்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டேன். இரத்த அழுத்தம் பார்த்தேன். இறங்கியிருந்தது. மறுபடி பார்த்தேன். இன்னும் இறங்கியிருந்தது. உள்ளே ஏறவேகூடாது என்று நான் காவல் காத்தது ஓர் அழுத்தம். இப்போது இறங்கவேகூடாத மற்ற அழுத்தம் என் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்க" என்றேன். "உண்மையச் சொல்லுங்க. நேத்துக் காய்ச்சல் இருந்திச்சா?"

கண்ணைத் திறந்தார். பகிடி இல்லாத அவருடைய முகத்தை நான் கண்டது குறைவு.

"லேசா. முந்தாநாளும் இருந்திச்சி. பனடோல் போட்டன். காலையிலயும் போட்டன்."

"ஏன் சொல்லல்ல?"

"ஊரே நிண்டு துஆ கேட்டிச்சே புள்ள. அதுக்குப் புறவு நான் எப்பிடிக் காய்ச்சல் எண்டு சொல்ற? துஆவ நம்பல்ல எண்டு ஆகிருமே."

என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். நடுங்கிக்கொண்டிருக்கிற மனிதனை ஏசினேன். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று உப்பளத்து ஆட்களுக்கு ஓயாமல் சொல்கிறவர், தன் உடம்புக்குள் வெள்ளம் நிற்பதை ஒரு சட்டைக்குள் மூடிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் நான் ஏசுவதைக் கேட்டுக்கொண்டு, "தண்ணி" என்றார். வாழ்நாளில் அவர் தானாகத் தண்ணீர் கேட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் தலவிலயிலிருந்து திரும்புகிற சனம், பஸ்களில் அன்னம்மாளின் கொடிகளோடு, பாட்டோடு போய்க்கொண்டிருந்தது. அவர்கள் எங்களுக்கு வழி விட்டார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இவர்களும் துஆ கேட்கிறார்கள் என்று நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது. அதற்காக இன்றும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பதில்லை. அன்றைக்கு எனக்கு யாருடைய துஆவும் வேண்டியிருக்கவில்லை, ஓர் ஆளாவது முந்தின நாள் வாய் திறந்திருந்தால் போதும் என்றிருந்தது.

ஐ.சி.யூ.வில் எல்லாம் செய்தார்கள். நான் தாதி என்பதால் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நல்லது. சிறுநீரகம், பிறகு ஈரல், பிறகு சுவாசம் என்று ஒவ்வொன்றாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை லுஹர்த் தொழுகைக்கு பாங்கு சொல்லமுதல் அவர் மௌத்தானார்.

டொக்டர் வீட்டுக்கு வந்தார். மாமியின் முன்னால் கதிரை நுனியில் இருந்தார். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார், காய்ச்சல் என்று தெரிந்திருந்தால் குழாய் மட்டும் வைத்திருப்பேன், கமராவே மேலே போயிருக்காது என்று. நான் அழுத்திய அந்த ஒரு சிறிஞ்சைப் பற்றிக் கேட்டேன். அதனால் இல்லை என்றார். அப்படிச் சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? என் பெருவிரலுக்கு அவருடைய பதில் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

நாற்பதாம் நாள் அவருக்காகக் கத்தம் ஓதினார்கள். நான் இத்தாவில், புருசனை இழந்தவள் தனித்திருக்கிற காலத்தில், இருந்தேன். பிற ஆண்களின் கண்ணில் படக்கூடாது. திரைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தேன். மறுபடி சஹன். திரைக்குக் கிட்ட வைத்த சஹனில் உப்பளத்து ஐந்து பேரும் இருந்தார்கள். ஓர் ஆள் குறைகிறது, யாரையாவது இருக்கச் சொல்லட்டா என்று மாமி கேட்டார். வேணாம் உம்மா, நாங்க ஐஞ்சு பேரும் இருக்கிறம் என்றார்கள்.

பிறகு ஒருவர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்டைக்கும் இந்த இடத்துலதான் இருந்தார். எனக்கு இறைச்சி வெச்சார். சோத்த விட அவர்ர கைதான் சுட்டிச்சி."

"எனக்கும் பட்டிச்சி" என்றார் இன்னொருவர்.

"சோத்துல கை வெக்கக்குள்ள விரல் நடுங்கிச்சே. பாத்தம்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். ஐந்து பேர் சேர்ந்து, ஒரே தட்டுச் சோற்றில், அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதும் பழமொழிதான். நான் எந்த நிறத்தில் சேலை வாங்கினேன் என்பது நான் வீட்டுக்கு வரமுதல் வீட்டுக்கு வந்துவிடுகிற ஊர் இது. இந்த ஒன்றுக்கு மட்டும் எங்கிருந்தோ மூடி கிடைத்திருக்கிறது.

இத்தாவில் இருக்கிறவள் குரலை உயர்த்தக்கூடாது என்று மாமி சொல்லித் தந்திருந்தார். நான் உயர்த்தவில்லை. திரைக்கு இந்தப்பக்கம் இருந்தே கேட்டேன்.

"அண்டைக்கு நான் குசினிக்குள்ளதானே நிண்டன். ஏன் ஒராளும் என்னட்டச் சொல்லல்ல?"

பக்கத்து வீட்டுக்காரர் சஹனிலிருந்து கையை எடுத்தார்.

"அவர்தான் வேணாமெண்டார். துஆ முடிஞ்சிது, இனிச் சொல்லாதீங்க எண்டார். அப்பிடியிருந்தும் எனக்கு மனசு கேக்கல்ல. எழும்பி வந்து சொல்லுவம் எண்டுதான் பாத்தன்."

"பிறகு?"

"நாளைக்கு நீங்க உள்ளுக்கு இரிக்கிறீங்கதானே எண்டு நினைச்சம். நீங்க இரிக்கக்குள்ள அவருக்கு என்ன நடந்திரும் எண்டுதான் நினைச்சம்."